கடல்காற்று எழுந்த பிறகு

கட்டிலைச் சுற்றி அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர். தலைமாட்டில், பிரம்பு நாற்காலியில் அம்மா. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கால்மாட்டில், மருந்து மேசைக்கும் சுவருக்கும் நடுவே போட்டிருந்த முக்காலியில் தம்பி. பெரிய உடம்பை மடித்துச் சின்னப் பெட்டியில் வைத்தது போல உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம் வீட்டு நர்ஸ். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தாள். வலப்பக்கம், ஜன்னல் விளிம்பில் மூத்தவள், அந்தத் தம்பியின் அக்கா. ஐந்தாவது ஆள், அப்பா, கட்டிலில் கிடந்தார். அவரையும் கணக்கில் சேர்க்கலாமா என்பதுதான் அன்று எல்லாருக்கும் இருந்த சந்தேகம்.

"ஐயா, திருப்பலாமா?" என்றாள் நர்ஸ்.

படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதென்று அவரை அவ்வப்போது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. கேட்காமல் தொட்டால் அவருக்குப் பிடிக்காது என்பதை வேலைக்கு வந்த அன்றே தெரிந்துகொண்டாள். கேட்டால் "ம்" என்பார். பிறகு அவள் முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றைச் செருகி, அலுங்காமல் திருப்பிவிடுவாள்.

அன்று "ம்" வரவில்லை. அவளுடைய கேள்வியே அவர் வாயிலிருந்து திரும்பி வந்தது.

"திருப்பலாமா?"

"அதத்தான் ஐயா நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடியும் கேட்டார்.

"திருப்பலாமா?"

அவள் மறுபக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மூன்றாவது தடவை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா இது, சுடுற ரொட்டி மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்றாரு? தோலு தாங்காதும்மா."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்கு உடம்பத் திருப்ப வேணாம்மா. பதில் வேணும்" என்றாள்.

ஊரில் அப்பாவுக்குப் பெயர் காத்து முதலாளி. முதலில் வெறும் காத்து. பட்டறை வைத்த பிறகு முதலாளி சேர்ந்துகொண்டது. பாய்மரப் படகுப் போட்டியில் நாட்டுக்கே முதலாவதாக வந்தவர், அதுவும் மூன்று தடவை. கடையில் வாங்கிய பாய் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே துணியை வெட்டித் தைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றப் படகுக்காரர்கள் வந்தார்கள். பாய் மட்டும் தைத்தால் வயிறு நிறையாது என்று தெரிந்ததும் லாரிக்குத் தார்ப்பாய், கல்யாண வீட்டுக்குக் கூடாரம், கடைவாசலுக்கு நிழல்துணி என்று இறங்கினார். கடைத்தெருவில் பாதி வெயிலை அவர்தான் மறைத்து வைத்திருந்தார். மேலே வீடு, கீழே பட்டறை. வாங்கிய கோப்பைகளில் பெரியது பட்டறை மேசை மேல் நிற்கும். அதற்குள் கத்தரிக்கோலும் அளவுகோலும் துணியில் கோடு போடும் சாக்கட்டியும் கிடக்கும். "சும்மா நின்னா அதுக்கும் துரு பிடிக்கும்ல" என்பார்.

காற்றைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. படுக்கையில் விழுந்த பிறகும் ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டச் சொன்னார். காலையில் தரைக்காற்று, நூல் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். உச்சிவெயிலில் செத்த பாம்பு மாதிரி தொங்கும். "காத்து சாப்பிடப் போயிருக்கு, வந்துரும்" என்பார். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் கடல்காற்று எழும், நூல் வீட்டுக்குள் திரும்பும்.

எல்லாருக்கும் அவர் ஒரு பெயர் வைப்பார். மூத்தவளுக்கு வைத்தது தபாலு. படிப்பு முடிந்த நாளிலிருந்து பட்டறையின் கடிதங்களை அவள்தான் எழுதிவந்தாள். தேதி, பொருள், விஷயம், முடிவு என்று அடிபிசகாமல் எழுதுவாள். அப்பா அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் கடிதமானாலும் உறைக்குள் போகுமுன் இருக்கிறவர்கள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். "தப்பு இருந்தா ஒட்டுறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. ஒட்டுனப்புறம் அது நம்ம எல்லாரோட தப்பு" என்பார். இத்தனை வருஷத்தில் அவள் கடிதத்தில் ஒரு தேதி பிசகியதில்லை. அது அவளுக்கு உள்ளூரப் பெருமை.

'திருப்பலாமா' அந்த வீட்டில் பழைய கேள்விதான். காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்பார். மெத்தையைப் புரட்டும்போது, பீரோவை நகர்த்தும்போது, செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டும்போது கூடக் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் "திருப்பு" என்று சொல்லும்வரை கை அசையாது. அம்மா அடுப்படியிலிருந்து, "திருப்பித் தொலைங்களேன், ஊரக் கூட்டித்தான் ஒரு பேப்பரப் படிக்கணுமா?" என்று கத்துவாள். பிள்ளைகள் அதை அப்பாவின் கோமாளித்தனங்களில் ஒன்றாக வைத்து வளர்ந்தார்கள்.

இப்போது அம்மா குனிந்து அவர் காதருகே சொன்னாள். "திருப்புங்க."

அவர் கண் அம்மாவின் மேல் நின்றது. பிறகு நகர்ந்துபோயிற்று. "திருப்பலாமா?"

"திருப்புங்கப்பா" என்றான் தம்பி.

"திருப்பலாமா?"

நர்ஸும் சொல்லிப் பார்த்தாள். அதட்டியும் சொன்னாள். மூத்தவள் ஜன்னலை விட்டு இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்புங்கப்பா, நான் தபாலு சொல்றேன்" என்றாள். அவர் அவள் கையை இலேசாக அழுத்தினார். அதில் பிரியம் இருந்தது. ஆனால் அது அவர் கேட்ட பதில் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

"நம்ம யார் சொல்லியும் ஆகாது" என்றாள் அம்மா. "முன்னாடி உக்காந்திருக்குறவன் சொல்லணும்."

பிறகு அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கப் போகிறவள் போல.

போட்டியில் அப்பா ஓட்டியது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. பின்னால் சுக்கானைப் பிடிப்பவர் அப்பா. முன்னால் கயிற்றோடு உட்காருபவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. பாயின் அடியில் கிடையாக ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பும்போது அந்தக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். தலை குனியாதவன் தலை அவனுடையதில்லை. அதனால் பின்னால் இருப்பவன் "திருப்பலாமா?" என்று கேட்க வேண்டும். முன்னால் இருப்பவன் "திருப்பு" என்று சொல்லிக் குனிந்த பிறகே சுக்கான் அசைய வேண்டும்.

"மூணாவது கோப்பை" என்றாள் அம்மா. "கடைசி மிதவயச் சுத்தித் திரும்பணும். பக்கத்துலயே இன்னொரு படகு. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், இவ வயித்துல. அன்னிக்கு இவரு கேக்கல. கேட்டிருந்தா அந்தப் படகுக்காரனுக்கும் காதுல விழுந்திருக்கும், அவனும் திரும்பியிருப்பான். கேக்காமத் திருப்பிட்டாரு."

கீழே பட்டறையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கட்ட வந்து காதோட அடிச்சுது. அப்பவும் உங்க சித்தப்பா கயித்த விடல. முடிவுக்கோடு தாண்டுற வரைக்கும் விடல. ஜெயிச்சாங்க."

மூத்தவளுக்குக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படம் நினைவுக்கு வந்தது. அப்பா கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார். பக்கத்தில் சித்தப்பா, தலையின் இடப்பக்கம் ஒரு துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். தண்ணீரிலிருந்து வந்தவர் தலை துவட்டுகிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சண்டை போட்டாங்களாம்மா?" என்றான் தம்பி.

"போட்டிருந்தாத்தான் ஆறிப்போயிருக்குமே. ஒரு வார்த்த பேசிக்கல. நல்லாத்தான் சிரிச்சாரு, நல்லாத்தான் சாப்பிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சுக் கடலே இல்லாத ஊராப் பாத்துப் போயி மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சுட்டாரு. இவருக்கும் கேக்க வாய் வரல. அதுக்குப் பதிலா உங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

சித்தப்பாவுக்குப் போன் செய்யும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூத்தவள்தான் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். கடையின் ரசீதுத் தாளில் அவரிடமிருந்து பதில் வரும்: 'கிடைத்தது. நலம்.' அன்று அவள் எண்ணைத் தேடி எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியைத் திறந்துவைத்து அழைத்தாள்.

"யாரு?"

"சித்தப்பா, நான் தபாலு பேசுறேன்."

"எழுதுறத விட்டுட்டு எதுக்குப் போனு?"

"அப்பாவுக்கு ரொம்ப முடியல சித்தப்பா. உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாரு. அவரு வாய்கிட்ட வைக்கிறேன்."

அவள் போனை அப்பாவின் உதட்டருகே பிடித்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வழக்கம்போலக் கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"சரியாக் கேக்கல" என்றார் சித்தப்பா.

"காதை மாத்தி வெச்சுப் பாருங்க சித்தப்பா." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாத்துறதுக்கு என்கிட்ட இன்னொண்ணு ஏதும்மா?" சரக்கு இல்லை என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வது போல, கோபமே இல்லாமல் சொன்னார்.

அப்பா மறுபடி கேட்டார். இந்தத் தடவை அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. "திருப்பலாமா?"

சித்தப்பாவின் கடையில் யாரோ கதவைத் திறந்தார்கள். கருப்புச் சட்டம் போட்ட கண்ணாடி இருக்கிறதா என்று ஒரு குரல் கேட்டது. அதற்கும் பதில் போகவில்லை. அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக் கேக்குறாரா அண்ணன்?" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டது. தம்பி, "என்ன மனுசன்..." என்று ஆரம்பித்தான். "வாய மூடு" என்றாள் அம்மா. "கேள்வி நியாயந்தானே?"

மூத்தவள் போனை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கம்பியில் நூல் தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அறைக்குள் ஒரு இழை காற்றில்லை. நர்ஸ் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்தாள்.

அவர் கேட்பதை நிறுத்தவில்லை. சத்தம் குறைந்து உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு, முன்னால் இருக்கிற ஒருவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு மறுபடி கேட்டார். அப்படிக் கேட்டுவிட்டு ஒரு தடவை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போயிற்று. அம்மாவுக்கு முதலில் தெரிந்தது. நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

தம்பி முக்காலியிலிருந்து எழ முயன்று, எழ முடியாமல், மேசைக்கும் சுவருக்கும் நடுவே அப்படியே குனிந்து அழுதான். அம்மா அழவில்லை. அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். யாரும் கீழே போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் பட்டறையில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைசி இயந்திரம் ஒரு நீளத் தையலை முடித்துவிட்டு நின்றது.

நர்ஸ் உடம்பைத் துடைத்து, தலையை நேராக்கி, வெள்ளைத் துணி போர்த்தி முடித்த பிறகு கடல்காற்று எழுந்தது. முதலில் நூலின் நுனி அசைந்தது. பிறகு முழு நூலும் அறைக்குள் நீட்டிக்கொண்டது. துணியின் ஓரம் படபடத்தது. அம்மா அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் மணி அடித்தது. சித்தப்பாவின் எண். மூத்தவள் எடுத்தாள். காலையில் செய்தது போலவே ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

"திருப்பு" என்றார் சித்தப்பா.

நல்ல உரத்த குரல். கடல்மேல் எதிர்க்காற்றில் பின்னால் இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்று கத்துகிற குரல். அறையில் எல்லாரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க யாராலும் முடியவில்லை.

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்தது. பட்டறைக்காரர்கள் தூக்கினார்கள். படகுச் சங்கத்திலிருந்து வயதானவர்கள் சிலர் வந்து, வெயிலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நிழல்துணி வாங்கிய கடைக்காரர்கள் அந்த நிழல்துணிகளுக்குக் கீழே நின்று பார்த்தார்கள். சித்தப்பா வரவில்லை; அதுவரை அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. மாலையில் தம்பிதான் அழைத்துச் சொன்னான். சித்தி எடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மூத்தவள்.

"ரெண்டு நாளாச் சாப்பிடலையாம். நேத்துக் காலையில போன வெச்சதுலேருந்து கடைக்குள்ளயே மத்தியானம் வரைக்கும் நடந்துக்கிட்டிருந்தாராம். அப்புறந்தான் பேசுனாராம்." தம்பி மூக்கை உறிஞ்சினான். "தான் சொன்னது அண்ணனுக்குக் கேட்டுச்சான்னு கேக்குறாரு. அது மட்டும் தெரிஞ்சாப் போதுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வாய் வரலக்கா. அக்கா எழுதுவான்னு சொல்லிட்டேன்."

"எப்பப் போனாருன்னு கேட்டாங்களா?"

"நேத்துன்னேன். நேரம் சொல்லல."

அடுத்த நாள் காலையில் அவள் பட்டறையிலிருந்து தாளைக் கொண்டுவந்து, அப்பாவின் அறையில், மருந்துகளை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே உட்கார்ந்தாள். தேதி போட்டாள். முதல் வரிகள் சிரமமில்லாமல் வந்தன. அப்பா காலமானார், வலி இல்லை, நாங்கள் எல்லாரும் அருகில் இருந்தோம். பிறகு எழுதினாள்: 'நீங்கள் சொன்னது அறையில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.'

அதைப் படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பட்டறைக் கடிதங்களில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் அவளுக்குக் கைவந்த கலை. சரக்கு தாமதமானால் இந்த மாதிரிதான் எழுதுவாள். ஆனால் சித்தப்பா எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர். 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் அவர் விரலை வைப்பார். அதில் அண்ணன் உண்டா என்று தேடுவார். தேடிக்கொண்டே இருப்பார்.

தாளைக் கிழித்தாள். வேறொன்றை எடுத்தாள். பேனா வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

"அம்மா, வாசிக்கட்டுமா?"

அம்மா வந்து அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கணக்கு முடித்துக் கிளம்பத் தயாராக இருந்த நர்ஸ், ரத்த அழுத்தக் கருவியைப் பையில் திணித்துக்கொண்டே கதவருகே நின்றாள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

மூத்தவள் வாசித்தாள்.

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, அப்பா முந்தாநாள் காலமானார். வலி இல்லை. நாங்கள் எல்லாரும் அருகில் இருந்தோம். நீங்கள் கேட்டதற்குப் பதில்: அப்பாவுக்குக் கேட்டது. நீங்கள் சொன்ன பிறகு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை."

அவள் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"கடல்காற்று எழுந்த பிறகுதான் போனார்."

நூல் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இன்னும் தரைக்காற்றுதான். நர்ஸின் கை பைக்குள்ளேயே நின்றது. அவளுக்கு நிமிஷம் வரைக்கும் தெரியும்; வீட்டுக்கு வந்த டாக்டரிடம் அவள்தான் நேரம் சொன்னாள்.

"இவ்வளவுதான்" என்றாள் மூத்தவள். தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தப்பு ஏதாவது இருக்கா?"

தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"சித்திய விசாரிச்சதா ஒரு வரி இல்லக்கா. நேத்து அவங்கதானே போனெடுத்தாங்க."

"ஆமாண்டா, விட்டுப்போச்சு." அவள் அந்த வரியைச் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். நர்ஸ் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

உறையின் மடிப்பைத் திறந்து பிடித்தபடி மூத்தவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒட்டலாமா?"

அம்மா சுருட்டிய மெத்தையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ம். ஒட்டு" என்றாள்.

மூத்தவள் மடிப்பின் பசையை நாக்கால் நனைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"குடுங்க, நான் போற வழியிலதான் பெட்டி இருக்கு" என்று நர்ஸ் கையை நீட்டினாள்.

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. ஜன்னலிலிருந்து பார்த்தபோது தெருமுனைத் தபால்பெட்டியின் முன்னால் நின்றிருந்தாள். கடிதத்தைப் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு ஒருமுறை துழாவினாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.